பி.பி. உள்ள அம்மாவுக்கு டிஜாக்சின்: நிறுத்திவிடலாமா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "என் அம்மாவுக்கு 72 வயது. இருபது வருஷமாக ரத்த அழுத்தம். டெல்மிசார்டன், அம்லோடிபின், அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் படபடப்பும் மூச்சு வாங்கலும் வந்து காட்டியபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கூடவே கொடுத்த பீட்டா பிளாக்கரில் இளைப்பு அதிகமானதால் (அம்மாவுக்கு ஆஸ்துமாவும் உண்டு) அதை எடுத்துவிட்டு டிஜாக்சின் எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் டிஜாக்சின் சாப்பிடுகிறவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் டிஜிடாலிஸ் (டிஜாக்சின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) மாதிரியான பொருள் நம் உடம்பிலேயே சுரந்து அதுதான் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று இருக்கிறது. பி.பி. நோயாளிக்கு பி.பி.யை ஏற்றும் மருந்தையா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? பேசாமல் நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இந்த மருந்தை விட்டால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் உடம்பில் இருப்பதில் பாதி வெளியேறவே ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும், கிட்னி மந்தமாக இருந்தால் இன்னும் இழுக்கும். அதனால் "விட்டோம், நன்றாகத்தானே இருக்கிறார்" என்று தோன்றும். ஒரு வாரத்துக்குள் நாடி மறுபடி 130, 140 என்று ஓட ஆரம்பித்து ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காரும்போது யாருக்கும் அந்தச் சின்ன மாத்திரை ஞாபகத்துக்கு வராது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, விஷத்தன்மைக்கான அறிகுறிகள் தெரிந்தால். அதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் படித்த இரண்டும் நிஜமான ஆராய்ச்சிகள்தான், யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. ஆனால் அவற்றுக்குள் போவதற்கு முன்னால் மாத்திரை எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம், குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

டிஜாக்சின் பி.பி. மாத்திரை இல்லை. ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக யாரும் அதை எழுதுவதில்லை, அந்த வேலையை அம்மாவின் மற்ற மூன்று மாத்திரைகள் செய்கின்றன. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் வேலை செய்யும் இதயத்தில் இடது கீழறை தடித்து இறுகிப்போகிறது. இறுகிய அறைக்குள் ரத்தத்தை அனுப்பச் சிரமப்பட்டு இடது மேலறை விரிகிறது, அந்த விரிந்த மேலறையில் மின் ஒழுங்கு கெட்டு தாறுமாறாகத் துடிக்கத் தொடங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தமும் இருப்பது இதனால்தான். ஆக உங்கள் அம்மாவின் இரண்டு வியாதிகளும் தனித்தனி இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று வந்திருக்கிறது.

வந்த பிறகு செய்ய வேண்டியது இரண்டு. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமல் தடுப்பது முதலாவது, அதற்குத்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, அதை ஒரு வேளைகூட விடக்கூடாது, டிஜாக்சின் அதற்கு மாற்றும் இல்லை. இரண்டாவது, மேலறையின் குழப்பமான துடிப்புகள் எல்லாம் கீழறைக்கு இறங்கி அதையும் ஓட ஓட விரட்டாமல் பார்த்துக்கொள்வது. டிஜாக்சின் செய்வது இதை மட்டும்தான். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடியைக் கூட்டி, இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கும் ஏ.வி. முடிச்சில் துடிப்புகளைத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது நாடியை நன்றாக அடக்கும், படியேறும்போது அவ்வளவு அடக்காது.

நாடியை அடக்க பீட்டா பிளாக்கர்தான் பொதுவாக முதலில் வரும், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டில்டியாசெம், வெராபமில் என்று இன்னும் இரண்டு உண்டு, ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்திருந்தால் அவற்றைக் கொடுப்பதில்லை. உங்கள் கடிதத்தில் எக்கோ ரிப்போர்ட் என்ன சொன்னது என்று இல்லை. பம்ப் பலவீனமாக இருக்கிறது என்று வந்திருந்தால் டிஜாக்சின்தான் ஏறக்குறைய மிஞ்சும். பலமாக இருக்கிறது என்று வந்திருந்தால், "டில்டியாசெம் ஏன் வேண்டாம்?" என்று டாக்டரைக் கேட்கலாம், தப்பே இல்லை, அப்படி மாற்றினால் அம்லோடிபினையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

இதை ஏதோ வேறு வழியில்லாமல் கொடுக்கும் பழைய மருந்து என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ரேட்-ஏ.எஃப். என்று ஓர் ஆய்வு நடந்து 2020-ல் வெளியானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிரந்தரமாகிவிட்ட, மூச்சு வாங்கும், 60 வயது தாண்டிய 160 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு டிஜாக்சின், மறு பாதிக்கு பைசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அன்றாட வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை, நாடியும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு அடங்கியது. ஆனால் ஏதாவது ஒரு பக்க விளைவாவது வந்தவர்கள் டிஜாக்சின் பக்கம் 25 சதவீதம், பைசோப்ரோலால் பக்கம் 64 சதவீதம். சின்ன ஆய்வுதான், உயிர் காக்கிறதா என்று அது சொல்ல முடியாது. இருந்தாலும் உங்கள் அம்மாவைப் போன்ற ஆட்களை வைத்தே நடந்தது என்பதால் எனக்கு அது முக்கியம்.

சரி, இப்போது "பி.பி.யை ஏற்றும் பொருள்" விஷயத்துக்கு வருவோம். இதில் உண்மையிலேயே சுவாரஸ்யமான கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பின் செல் சுவர்களில் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதை 1957-ல் கண்டு சொன்னார், 1997-ல் அதற்கு நோபல் கிடைத்தது. டிஜிடாலிஸ் வகை மருந்துகள் சோடியம், பொட்டாசியம் செல்லுக்குள் போய் வருவதைத் தடுக்கின்றன என்பதை அதற்கு முன்பே, 1953-ல், ஸ்விட்சர்லாந்தின் ஹான்ஸ் ஷாட்ஸ்மன் ரத்தச் சிவப்பணுக்களில் காட்டியிருந்தார். அந்த மருந்துகள் போய் ஒட்டுவது இதே பம்பில்தான். பம்ப் மந்தமானால் செல்லுக்குள் சோடியம் கொஞ்சம் ஏறுகிறது, சோடியம் ஏறினால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது, கால்சியம் தங்கினால் தசை பலமாகச் சுருங்குகிறது. இதயத் தசை பலமாகச் சுருங்கினால் சந்தோஷம். ஆனால் ரத்தக் குழாயின் சுவரிலும் தசை இருக்கிறதே, அதுவும் அதே மாதிரி சுருங்கினால் குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். நீங்கள் சந்தேகப்பட்டது ஆராய்ச்சியாளர்களும் சந்தேகப்பட்ட இடம்தான்.

1977-ல் மோர்டெகாய் பிளாஸ்டீன் இந்த வழியைத்தான் எழுதினார்: குழாய்த் தசையில் சோடியம் ஏறினால் கால்சியம் ஏறும், அதனால் அழுத்தம் ஏறும். 1980 வாக்கில் டி வார்டனரும் மக்கிரெகரும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். சிலருடைய கிட்னிக்கு உப்பை வெளியேற்றும் திறன் பிறவியிலேயே குறைவு, அதை ஈடுகட்ட உடம்பு இந்தப் பம்பைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, கிட்னியில் அது உப்பைத் தள்ள உதவுகிறது, ஆனால் ரத்தக் குழாயில் அதே பொருள் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அழகான வாதம். அந்தப் பொருள் எது என்ற தேடலில் 1991-ல் அமெரிக்காவில் ஹாம்லினும் பிளாஸ்டீனும் அவர்களோடு வேலை செய்தவர்களும் மனித ரத்தத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, இது உவாபெய்ன் என்றார்கள். உவாபெய்ன் டிஜிடாலிஸ் வகைப் பொருள், ஆப்பிரிக்கச் செடிகளில் இருப்பது, அங்கே வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய விஷம். அது மனித உடம்பிலேயே சுரக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது!

எலிகளுக்கு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உவாபெய்ன் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறியது. நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றிருக்கும். அடுத்து வருவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: டிஜாக்சின் கொடுத்த எலிகளுக்கு அப்படி ஏறவில்லை, உவாபெய்னோடு டிஜாக்சினையும் சேர்த்துக் கொடுத்தபோது உவாபெய்ன் ஏற்ற வேண்டிய அழுத்தத்தையும் அது தடுத்தது. இரண்டும் ஒரே பம்பில் ஒட்டுகிற பொருள்கள், ரசாயன அமைப்பிலும் உறவுக்காரர்கள், ஆனால் ரத்த அழுத்தத்தில் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. பம்பை நிறுத்துவது மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடக்காது. மூளை வழியாக நரம்புகளைத் தூண்டுவது, பம்பில் ஒட்டியதும் செல்லுக்குள் கிளம்பும் வேறு சமிக்ஞைகள் என்று பல விளக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த எண்ணத்தைக் கொண்டு ஒரு பி.பி. மாத்திரையே செய்து பார்த்தார்கள். டிஜிடாலிஸ் குடும்பத்து மூலக்கூறு ஒன்றை மாற்றியமைத்து, உவாபெய்னைத் தடுக்கும்படி உருவாக்கிய ரோஸ்டாஃபியூராக்சின். எலிகளில் ஜோராக வேலை செய்தது. மனிதர்களில், 2011-ல் வெளியான ஒயாசிஸ் என்ற ஆய்வில், கொடுத்துப் பார்த்த எந்த அளவிலும் ரத்த அழுத்தம் குறையவில்லை. குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு மட்டும் பலன் இருக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்கிறது. இதற்கு நடுவே, மிக நுட்பமான கருவிகளை வைத்து மனித ரத்தத்தில் உவாபெய்னைத் தேடிய சில குழுக்கள், அப்படி ஒன்றையே காணோம் என்று எழுதின. ஆக, அந்தப் பொருள் உடம்பில் இருக்கிறதா என்பதிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

என் கருத்தைக் கேட்டால், உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இது அருமையான ஆராய்ச்சி, ஆனால் அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் கை வைக்க இதில் ஒரு காரணமும் இல்லை. ரத்த நாளத்தில் வேகமாக ஊசியாகப் போட்டால் டிஜிடாலிஸ் மருந்துகள் சிறிது நேரம் குழாய்களைச் சுருக்கும், உண்மைதான். ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் போதிய அளவு பம்ப் செய்ய முடியாத நிலை) உள்ளவர்களில் அதற்கு நேர் எதிராக, அளவுக்கு மீறி முறுக்கேறியிருக்கும் நரம்புகளைத் தணித்துக் குழாய்களைத் தளர்த்தும். இன்று கொடுக்கும் சிறிய அளவில், மாத்திரையாகச் சாப்பிடும்போது, பி.பி.யைத் தொந்தரவாகும் அளவுக்கு அது ஏற்றுவதில்லை. நாடி நிதானமாவதால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தில் கூடுதல் ரத்தம் நிரம்பி மேல் எண் லேசாகக் கூடித் தெரியலாம், அவ்வளவுதான்.

டிஜாக்சின் ஆரம்பித்த பிறகு பி.பி. ஏறியது என்றால் நான் முதலில் கேட்பது: மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? உப்பு கூடியதா? பழைய மாத்திரைகளில் எதையாவது விட்டுவிட்டாரா? அப்புறம், எந்தக் கருவியில் பார்த்தீர்கள்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு பலத்தில் விழுவதால் வீட்டுக் கருவி ஒரு முறை 150 காட்டும், அடுத்த நிமிஷம் 128 காட்டும். மூன்று தடவை எடுத்து சராசரியைக் குறித்து வையுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பதறாதீர்கள்.

இனி பயமுறுத்தும் பகுதி, மரணம் பற்றிய ஆராய்ச்சிகள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அஃபர்ம் என்ற பெரிய ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 4,060 பேர் இருந்தார்கள், பத்தில் ஏழு பேருக்கு ரத்த அழுத்தம். அந்த ஆய்வு டிஜாக்சினைச் சோதிக்க நடந்ததே இல்லை. பல வருஷம் கழித்து, 2013-ல், அதே ஆய்வின் தகவல்களை எடுத்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக அலசி, ஒரே மருத்துவ இதழில் எழுதின. ஒரு குழு, டிஜாக்சின் சாப்பிட்டவர்களில் மரணம் 41 சதவீதம் கூடுதல் என்றது. இன்னொரு குழு, தொடர்பே இல்லை என்றது. ஒரே நோயாளிகள், ஒரே புள்ளிவிவரம்! எப்படி? முதல் குழு, ஆய்வின் நடுவில் எப்போது டிஜாக்சின் ஆரம்பித்தாலும் அதைக் கணக்கில் சேர்த்தது. நடுவில் யாருக்கு ஆரம்பித்திருப்பார்கள்? பெரும்பாலும் நிலைமை மோசமானவர்களுக்குத்தான். இரண்டாவது குழு, தொடக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எடுத்து, வயதிலும் வியாதியிலும் அவர்களைப் போலவே இருந்த மற்றவர்களோடு ஜோடி சேர்த்துப் பார்த்தது.

எல்லாச் சிக்கலும் இங்கேதான். ஆம்புலன்ஸில் வந்து சேருகிறவர்கள் ஆட்டோவில் வருகிறவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள், அதற்காக ஆம்புலன்ஸ்தான் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை. மற்ற மருந்துகளைத் தாங்க முடியாத, வயதான, இதயம் களைத்துப்போன, கூடவே நாலு வியாதி உள்ள ஆளுக்குத்தான் பெரும்பாலும் டிஜாக்சின் போகிறது. அவர்களையும், பீட்டா பிளாக்கரிலேயே நன்றாக இருக்கிறவர்களையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணினால் கணக்கு டிஜாக்சினுக்கு எதிராகத்தான் வரும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2014-ல் வந்த டிரீட்-ஏ.எஃப். ஆய்வும் மரணம் கூடுதல் என்றே சொன்னது, அதுவும் குலுக்கல் முறை ஆய்வு இல்லை. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் இந்தக் குறை தீர்ந்துவிடாது.

குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்களில் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கென்றே ஒரு அலசல் இருக்கிறது. லைஃப் என்ற ஆய்வு 2002-ல் வந்தது: ரத்த அழுத்தத்தால் இதயம் தடித்துப்போன 9,193 பேரைப் பிரித்து ஒரு பக்கத்துக்கு லோசார்டனும் மறு பக்கத்துக்கு அட்டெனலாலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அவர்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்த, அல்லது பிறகு வந்த, 900-க்கும் மேற்பட்டவர்களை மட்டும் தனியாக எடுத்து டிஜாக்சின் கணக்கை 2015-ல் பார்த்தார்கள். மேலோட்டமாக எண்ணியபோது டிஜாக்சின் சாப்பிட்டவர்களில் மரணம் அதிகம் என்றுதான் வந்தது. வயது, மற்ற வியாதிகள், இதயத்தின் நிலை எல்லாவற்றையும் ஈடு செய்து பார்த்ததும் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அதே 2015-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எடைபோட்ட ஒரு கட்டுரையிலும் இதே பாணிதான்: ஆய்வு எவ்வளவு ஒழுங்காக நடந்ததோ அவ்வளவுக்கு டிஜாக்சினின் மேல் இருந்த பழி குறைந்தது, குலுக்கல் முறையில் நடந்தவற்றில் மரணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குலுக்கல் முறை ஆய்வுகளில் பெரியது டி.ஐ.ஜி., 1997-ல் வந்தது. ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 6,800 பேர், மூன்று வருஷத்துக்கு மேல் கண்காணிப்பு. டிஜாக்சின் பக்கம் இறந்தவர்கள் 34.8 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை பக்கம் 35.1 சதவீதம், அதாவது ஒன்றுதான். ஆனால் ஹார்ட் ஃபெயிலியர் முற்றி ஆஸ்பத்திரியில் சேருவது நன்றாகக் குறைந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அதில் இருந்தவர்களுக்கு நாடி ஒழுங்காக இருந்தது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, ஆகவே அதை அப்படியே அம்மாவுக்குப் பொருத்த முடியாது. இதயத்தின் பம்ப் பலம் அவ்வளவாகக் குறையாத 988 பேரைத் தனியாக வைத்தும் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நிறைய இருந்த கூட்டம் அது, அங்கேயும் மரணத்தில் வித்தியாசம் இல்லை, ஆஸ்பத்திரி சேர்க்கையில் கிடைத்த லாபமும் தெளிவாக இல்லை. 2025-ல் வந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று, இதே குடும்பத்து டிஜிடாக்சினை சுமார் 1,200 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் சோதித்து, மரணமும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சேர்ந்த கணக்கு 44.1 சதவீதத்திலிருந்து 39.5 சதவீதமாகக் குறைந்தது என்று காட்டியிருக்கிறது. இந்த மருந்துக் குடும்பத்தைப் புதைத்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்னதால் டிஜாக்சின் பச்சைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளை வைத்து நடந்த அரிஸ்டாட்டில் ஆய்வின் தகவல்களிலிருந்து 2018-ல் வந்த அலசலை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் பல ஆயிரம் பேருக்கு ரத்தத்தில் டிஜாக்சின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அதில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ரத்த அழுத்தக்காரர்கள். அளவு மில்லிலிட்டருக்கு 1.2 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு மரண ஆபத்து 56 சதவீதம் கூடுதல். அதற்குக் கீழே இருந்தவர்களில் அப்படித் தெரியவில்லை. புதிதாக ஆரம்பித்தவர்களில் மரணம் கூடியதாகவும் அதே அலசல் சொன்னது. ஆம்புலன்ஸ் வாதம் அதற்கும் பொருந்தும், ஆனாலும் நான் அதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன், ஆரம்ப வாரங்களில் கவனம் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். டி.ஐ.ஜி. ஆய்விலும் ஆண்களில் 0.5 முதல் 0.8 வரை இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள், 1.2 தாண்டியவர்கள் மோசமாக இருந்தார்கள். ஆக, பயப்பட வேண்டியது டிஜாக்சின் என்ற பெயரைப் பார்த்து அல்ல, ரத்தத்தில் அது எவ்வளவு சேருகிறது என்பதைப் பார்த்து.

அந்த அளவை ஏற்றக்கூடியவை உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் கிட்னி. டிஜாக்சின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. 72 வயதும் இருபது வருஷ ரத்த அழுத்தமும் சேர்ந்தால் கிட்னி கொஞ்சமாவது தேய்ந்திருக்கும், ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் "நார்மல்" என்று இருந்தாலும்கூட, ஏனென்றால் வயதானவர்களுக்குத் தசை குறைந்துபோவதால் அந்த எண் ஏறாமல் ஏமாற்றும். இப்படிப்பட்டவர்களுக்குப் பல நேரம் 0.125 மில்லிகிராமே போதும், சிலருக்கு அதிலும் பாதி. அம்மாவுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டைப் பாருங்கள். 0.25 என்று இருந்தால், இந்த வயதுக்கும் கிட்னிக்கும் அது அதிகமில்லையா என்று இந்த வாரமே கேளுங்கள்.

அடுத்து டெல்மிசார்டன். நல்ல மாத்திரை, ஆனால் டிஜாக்சினோடு சேரும்போது ரத்தத்தில் டிஜாக்சினின் உச்ச அளவை ஏறக்குறைய பாதி மடங்கு கூட்டும், அடிமட்ட அளவை 20 சதவீதம் கூட்டும். இதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, டிஜாக்சின் அளவைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டெல்மிசார்டன் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ நிறுத்தினாலோ மறுபடி பார்க்க வேண்டும். அம்லோடிபினால் தொந்தரவு இல்லை.

எனக்கு உண்மையான கவலை நீர் மாத்திரையில்தான். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றும். செல் சுவரில் இருக்கும் அந்தப் பம்பில் ஒட்ட டிஜாக்சினும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன, பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் கூடுதலாக ஒட்டும். அதாவது ரத்தத்தில் டிஜாக்சின் அளவு சரியாகவே இருந்தாலும் விஷத்தன்மை வரலாம், இதயம் ஏடாகூடமான துடிப்புகளுக்குப் போகலாம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றும், நீர் மாத்திரை இறக்கும், இரண்டும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதனால் நீங்களாகப் பொட்டாசியம் மாத்திரை கொடுப்பதும் கூடாது, உப்புக்குப் பதில் என்று விற்கும் பொட்டாசியம் உப்பைச் சேர்ப்பதும் கூடாது. அதிமதுரம் அடிக்கடி சாப்பிடுகிறவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், அது பொட்டாசியத்தையும் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், அம்மாவுக்கு இரண்டு பக்கமும் அடி.

பின்னால் வேறு டாக்டர் யாராவது வெராபமில், அமியோடரோன், கிளாரித்ரோமைசின் எழுதினால், டிஜாக்சின் சாப்பிடுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மூன்றுமே அதன் அளவை ஏற்றும், முதல் இரண்டுக்கு பெரும்பாலும் டிஜாக்சினைப் பாதியாக்குவார்கள். வலி மாத்திரைகள் கிட்னியை அழுத்தி அதே வேலையைச் செய்யும், போதாததற்கு பி.பி.யையும் ஏற்றும். இ.சி.ஜி. எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். டிஜாக்சின் இ.சி.ஜி.யில் ஒரு வளைவை உண்டாக்கும், ரத்த அழுத்தத்தால் தடித்த இதயமும் அங்கேயே மாற்றம் காட்டும், தெரியாத ஆள் பார்த்தால் மாரடைப்போ என்று ஓட்டம் எடுப்பார்.

ரத்தத்தில் டிஜாக்சின் அளவு பார்ப்பதாக இருந்தால் நேரம் முக்கியம். மாத்திரை போட்டு குறைந்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், சுலபமான வழி காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு அதன்பிறகு மாத்திரை போடுவது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்தால் எண் பயங்கரமாக வரும், வீண் பீதி. ஆரம்பித்தோ அளவை மாற்றியோ ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகு பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். போன மாதம்தான் ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆக இப்போது பார்க்கச் சரியான சமயம். கூடவே பொட்டாசியம், மக்னீசியம், கிரியேட்டினின்.

விதிவிலக்கு என்றேனே, அது இது. சாப்பாடே பிடிக்காமல் போவது, குமட்டல், வாந்தி, திடீரென்று மந்தமாகி ஆள் அடையாளம் குழம்புவது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது (1785-லேயே டிஜிடாலிஸ் கொடுத்துப் பார்த்த ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் தன் நோயாளிகளைப் பார்த்து எழுதிவைத்த அறிகுறி இது), மயக்கம், நாடி 50-க்குக் கீழே போவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை டிஜாக்சினைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வயதானவர்களுக்கு மஞ்சள் பார்வை வருவது அபூர்வம், "ரெண்டு நாளாக சரியாகச் சாப்பிடவில்லை" என்பதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி, அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர் வற்றினால் கிட்னியும் பொட்டாசியமும் ஒரே நேரத்தில் கெடும், அப்படிப்பட்ட நாளில் டிஜாக்சினையும் நீர் மாத்திரையையும் என்ன செய்வது என்று டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். நாடியைப் பார்க்கும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், இந்தத் தாளமில்லாத நாடியில் அது தப்பாகத்தான் வரும், ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள்.

அரளி வகைச் செடிகளிலும் இதே வகைப் பொருள்தான் இருக்கிறது. "இதயத்துக்கு மூலிகை" என்று யாராவது எதையாவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். மாத்திரையில் அளவு இருக்கிறது, செடியில் இல்லை, டிஜாக்சினில் பலனுக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ ரொம்பவே குறுகலானது.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம். வழக்கம்போல ஒன்று மட்டும் போடச் சொல்லுங்கள்.